பால்வினை என்னும் சொல்

நோய்க்குப் பெயரிடும்போது சில இடங்களில் நாம் தீர்ப்பையும் சேர்த்தே எழுதிவிடுகிறோம். அரசு மருத்துவமனைச் சுவர்களில் காணும் 'பால்வினை நோய்' என்ற தொடரையே எடுத்துக்கொள்வோம். வினை என்றால் செயல்தான். ஆயினும் நம் காதில் அது முன்வினையாகவும் தீவினையாகவுமே ஒலிக்கிறது. (பழைய 'மேகநோய்' இதைவிடக் கருணையுள்ள சொல் என்பது நம் எண்ணம்.)

வணிகவியல் துறை நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு நம்மிடம் வந்தபோது இச்சொல்லின் கனம் விளங்கிற்று. அவருடைய ஆண்குறியில் தோன்றிய சிறு மருக்களை மருத்துவர் மின்சூட்டால் எரித்து நீக்கியிருந்தார். புண் ஆறி, வெளிறிய தழும்புகள் மிஞ்சின. இரண்டு மாதத்தில் மருக்கள் திரும்பி வந்தன. "இது புற்றுதான், தமிழய்யா. செய்ததற்குக் கூலி" என்றார். மனைவியிடம் அவர் மூச்சுவிடவில்லை.

மனிதப் பாப்பிலோமா வைரஸில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பிறப்புறுப்பு மருக்களில் பத்தில் ஒன்பதுக்குக் காரணமான 6, 11 ஆகிய வகைகள் புற்றை உண்டாக்குவது மிக அரிது. புற்றோடு உறவுடைய 16, 18 முதலியவை பெரும்பாலும் மருவாக வெளித்தெரிவதே இல்லை. கண்ணுக்குத் தெரிவது சாது, தெரியாததே கொடியது. எரித்தாலும், திரவ நைட்ரஜனால் உறையவைத்தாலும், களிம்பு பூசினாலும் போவது மருதான். சுற்றியுள்ள தோலில் வைரஸ் தங்கிவிடக்கூடும். ஆகவே சிகிச்சைக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களில் மரு மீண்டும் வருவது சாதாரணம். அதுவோ வெளிறிய தழும்போ புற்றின் அறிகுறி அன்று.

ஆனால் ஒரே உடலில் இருவகை வைரஸும் குடியிருக்கலாம். வாரங்கள் கடந்தும் ஆறாத புண், தானே கசியும் குருதி, கெட்டிப்படும் கட்டி, எச்சிகிச்சைக்கும் மசியாமல் பெருக்கும் மரு ஆகியவற்றைக் கண்டால் திசுச் சோதனை செய்தே ஆகவேண்டும். புகைப்பழக்கமும், பின்தள்ள இயலாத முன்தோலும், எச்.ஐ.வி.யால் நலிந்த எதிர்ப்பாற்றலும் அபாயத்தைக் கூட்டும். நண்பர் நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் புகைப்பவர். அதை மட்டும் அவர் வினைக்கணக்கில் சேர்க்கவில்லை! சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து மருவில் வைக்கும் நாட்டு வழக்கத்தையும் அவர் யோசித்திருந்தார். மெல்லிய அத்தோல் வெந்துபோகும் என்று தடுத்தோம்.

தம்மைப் பற்றிய அச்சம் தணிந்ததும் அவர் எழப் பார்த்தார். நமக்கோ அப்போதுதான் பேச்சு தொடங்கிற்று. 2022இல் உலகில் ஆண்குறிப் புற்றுநோய் கண்டவர்கள் ஏறத்தாழ 37,000 பேர். கருப்பைவாய்ப் புற்றுநோய் கண்ட பெண்களோ ஏறத்தாழ 6,60,000 பேர். அவர்களில் அனேகமாக அனைவருக்கும் மூலம் இவ்வைரஸின் கொடிய வகைகள். அவருடைய மரு மனைவிக்குப் புற்றைத் தரும் என்பதன்று இதன் பொருள். முப்பது கடந்த பெண்கள் எவரும் செய்துகொள்ள வேண்டிய சோதனையை அந்த அம்மையார் ஒருமுறையும் செய்ததில்லை. நம் அரசு மருத்துவமனைகளில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் அச்சோதனை சில நிமிட வேலை.

"அவளிடம் எந்தச் சொல்லால் சொல்வேன்?" என்று கேட்டார். கால் நூற்றாண்டாகத் தமிழ் படித்துவரும் நமக்கும் உடனே விடை கிட்டவில்லை. தொற்றிய வைரஸ் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட உறங்கிக் கிடக்கும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று மருவைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. 'மரு', 'வைரஸ்', 'சோதனை' என்ற மூன்று சொற்கள் போதும், வினை வேண்டாம் என்றோம்.

எப்படிச் சொன்னாரோ, நாம் கேட்கவில்லை. அம்மையார் மூன்று நாள் பேசவில்லையாம். நான்காம் நாள் இருவருமாக மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். சோதனையில் குறையேதும் இல்லை. இப்போது நண்பரின் கவலை பதினைந்து வயது மகனைப் பற்றியது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளையும் தடுக்கும் நம் நாட்டுத் தடுப்பூசியான செர்வாவாக்குக்கு 2022இல் ஒப்புதல் கிடைத்தது; பையன்களுக்கும் போடலாம். வந்துவிட்ட மருவை அது போக்காது என்பதால் தமக்குப் பயனில்லை என்று தெரிந்துகொண்டார். மகனிடம் எதற்கான ஊசி என்று சொல்வது என்பதைக் கேட்க மீண்டும் நம் துறைக்கு வந்திருந்தார்.