இரண்டேகால் அங்குலம்

அப்பாவின் பேண்ட் அளவுக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. காக்கிக் காகிதத்தில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. முட்டி 19, பாட்டம் 24 என்று நீலப் பென்சிலில் அவர் எழுத்து. 24-ஐ அடித்து 15 என்று போட்டிருப்பது நான்.

கும்பகோணத்தில் கடை. எழுபதுகளில் ஊரே பெல்பாட்டம். 1979-இல் 'நினைத்தாலே இனிக்கும்' வந்த சமயம் பையன்கள் 28 கேட்டார்கள். துணிதான் வீண் என்று முணுமுணுத்துக்கொண்டே தைத்துக் கொடுத்தார். ஆனால் தமக்கும் அதையே தைத்துக்கொண்டார். இந்த வயதில் எதற்கு என்று அம்மா கேட்டதற்குப் பதில் இல்லை. இளம்பிள்ளைவாதத்தில் அவருக்கு இடது கெண்டைக்கால் சூம்பியிருந்தது. மெஷினை வலது காலால்தான் மிதிப்பார். வேட்டியென்றால் மிதிக்கும்போது விலகிவிடும். இதையும் அதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

1984-இல் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கூட வந்து சேர்த்துவிடுவதாக அப்பா ஒரு புதுப் பேண்டுக்குத் துணி எடுத்தார். பெல்பாட்டத்தின் காலம் முடிந்திருந்தது. அதோடு அவர் என் ஆபீஸ் வாசலில் நிற்பதை நினைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. இரவில் காகிதத்தை எடுத்து, இரண்டு துண்டிலும் வெளிப்பக்கம் நாலரை அங்குலத்தை வெட்டி எறிந்தேன்.

காலையில் காகிதத்தைத் துணிமேல் விரித்தவர் சற்று நேரம் பேசாமல் நின்றார்.

"ஒரு பக்கமாவே எடுத்தா மடிப்பு திரும்பிக்கும்டா."

நடுக்கோடு துணியின் பாவு நூலோடு போகவேண்டும். கோட்டுக்கு இருபுறமும் ஒரே அளவு குறைய வேண்டும். மொத்தம் ஒன்பது அங்குலம், ஓரங்கள் நாலு, ஆளுக்கு இரண்டேகால். பாட்டத்தை மட்டும் குறைத்தால் முட்டி பைபோலத் தொங்கும், ஆகவே அங்கேயும் ஓரத்துக்கு அரை. தொடைக்கு மேல் கைவைக்கக் கூடாது. வெளி ஓரத்தில் இரண்டேகால் அங்குலப் பட்டையைப் பசை தடவி ஒட்டினார். உள் ஓரத்தில் அதே அளவு வெட்டினார். பிறகு துணியையும் வெட்டினார்.

உருவமா உள்ளடக்கமா என்று பின்னாளில் நானும் இப்படிப்பட்ட பத்திரிகைகளில் சண்டை போட்டிருக்கிறேன். அன்று காலை அப்பா உருவத்தைப் பற்றி மட்டுமே பேசினார்.

பெல்பாட்டத்தில் முட்டிக்குக் கீழே இரண்டு காலுமே துணியைத் தொடாது. பதினைந்தில் வலது கால் தொட்டது, இடது தொடவில்லை. ஆபீஸ் வாசலில் காற்று வேறு. காவலாளி கீழே பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். மடிப்பு மட்டும் இரண்டு காலிலும் கத்திபோல நேராக இறங்கியிருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் காகிதத்தைப் பழையபடி மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். மாற்றவில்லை. அடுத்த தடவை நான் போனபோது கடையில் வேட்டியோடு உட்கார்ந்திருந்தார், இடது கால்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு.