சீவுகிற கையும் நிறுக்கிற கையும்

புக்கிட் செலம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் சீவியவர் தம் பாலின் எடையைத் தாமே எழுதிக்கொண்டதில்லை. ஸ்டோரில் தோட்ட எழுத்தரான கிராணி நிறுத்து, ரப்பர்ச் சத்தைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றினார். முனைவர் பட்டப் படிப்பை நடத்தும் எங்கள் வேலைக்கும் அடிப்படை இதுவே: வளர்க்கிற கை வேறு, மதிப்பிடுகிற கை வேறு. 1969இல் பினாங்கில் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்கே வேதியியல், இயற்பியல், உயிரியல் எல்லாம் ‘புசாட் பெங்காஜியான்’ எனப்படும் தனித்தனிப் பள்ளிகள். ஆய்வுக்கூடம் பள்ளிக்கு உரியது, மேற்பார்வையாளரும் பள்ளியைச் சேர்ந்தவர். பட்டமேற்படிப்பு மாணவர்களின் பதிவுக்கும் விதிகளுக்கும் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான ஒரு கழகம் இருக்கிறது.

இந்தப் பிரிவினையின் பயன் ஆய்வேடு முடியும் நேரத்தில்தான் தெரியும். சமர்ப்பிப்பதற்கு முன்பே மாணவர் அறிவிப்புப் படிவம் தருகிறார், தலைப்பு உறுதியாகிறது, தேர்வாளர்களைத் தேடும் வேலை தொடங்குகிறது. அவர்களில் ஒருவராவது வெளிப் பல்கலைக்கழகத்தவர். சில ஆண்டுகள் ஒரே ஆய்வோடு வாழ்ந்த மேற்பார்வையாளர் கண்ணுக்கு, மூன்றாம் இயலில் விடுபட்ட கட்டுப்பாட்டுச் சோதனை தெரியாது. அது ஏன் விடுபட்டது என்ற சமாதானம் அவர் மனத்திலேயே இருக்கும். ஆய்வேட்டைப் புதிதாகப் படிக்கும் தேர்வாளருக்கு அந்தச் சமாதானம் தெரியாது. அதனால்தான் வாய்மொழித் தேர்வில் அவர் முதலில் அங்கேயே கைவைப்பார்.

“படிவத்துக்கு மேல் படிவம், இதனால்தான் தாமதம்” என்ற குறை நியாயமானதே. அதற்கு மருந்து படிவத்தைக் குறைப்பது, பிரிவினையைக் கைவிடுவதன்று. “சிறிய பல்கலைக்கழகத்துக்கு இவ்வளவு தேவையா?” என்றும் கேட்பார்கள். 2001இல் தொடங்கி இன்று செமிலிங்கில் இயங்கும் ஏய்ம்ஸ்ட் போன்ற இடங்களில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். அறிமுகம் நெருங்க நெருங்க, தாட்சண்யமும் கூடும். அங்கேதான் வெளியார் கண் இன்னும் அவசியம். தனி ஆளை வைத்தாலே நேர்மை வந்துவிடுமா என்றால், வராது. கிராணியும் எடையைக் குறைத்து எழுதலாம். ஆகவே தராசு எல்லார் கண்ணிலும் பட வேண்டும்: தேர்வாளரை யார் பரிந்துரைத்தார், யார் ஒப்புதல் அளித்தார், என்ன திருத்தம் கேட்கப்பட்டது என்பவை பதிவில் இருக்க வேண்டும்.

முனைவர் பட்டத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரே, பதிவுக்கு முன் கட்டணத்தோடு இன்னொன்றையும் விசாரியுங்கள்: ஆய்வேட்டை மதிப்பிடப்போவது யார், அவரைத் தேர்ந்தெடுப்பது யார்?