வறண்ட தொண்டையும் பாஸ்கா இரவும்

தவக்காலம் தொடங்கும்போது எங்கள் பக்கத்தில் பனி விலகத் தொடங்கியிருக்கும். அது முடியும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும். நவரை நெல் முற்றி, அறுவடை இயந்திரங்கள் கிளப்பும் தூசி தெருவெங்கும் மிதக்கும். உத்திரமேரூரை அடுத்த ஒரு சிற்றூர்க் கோவிலின் பாடகர் குழுவினர் நாங்கள், ஒன்பது பேர். ஆண்டில் மிகுதியாகப் பாடவேண்டிய நாள்களே எங்கள் ஊரில் மிகவும் வறண்ட நாள்களாகவும் அமைந்துவிடுகின்றன. வெள்ளிதோறும் பதினான்கு நிலைகளுக்கும் சிலுவைப்பாதைப் பாடல், குருத்து ஞாயிறு, பெரிய வியாழன், புனித வெள்ளி, பிறகு பாஸ்கா திருவிழிப்பு. குருத்து ஞாயிற்றின் பதிலுரைப்பாடல் 22-ஆம் திருப்பாடல். அத்திருப்பாடலில் உலர்ந்துபோன தொண்டையைப் பற்றிய ஒரு வரியும் உண்டு. ஆனால் அன்று பாடுவதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட வரிகளில் அது இல்லை. பாடகர்கள் அதைச் சொந்த அனுபவத்திலேயே அறிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள் போலும்!

எங்கள் பைகளில் பாட்டுப் புத்தகத்தோடு ஒரு சிறு மருந்துக் கடையும் இருக்கும். ஒருவரிடம் கற்கண்டும் மிளகும், ஒருவரிடம் அதிமதுரத் துண்டு, மற்றொருவரிடம் சித்தரத்தை. இளைஞர்களிடம் குளிர்ச்சி தரும் இருமல் மிட்டாய். இவை போதும் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தோம்.

2019-ஆம் ஆண்டில் பாஸ்கா ஏப்ரல் 21 அன்று வந்தது. எங்கள் குழுவின் முதற்குரல் ஓர் ஆசிரியை. நாங்கள் அவரை டீச்சரக்கா என்றே அழைப்போம். புனித வெள்ளியன்று நண்பகலில் தொடங்கிச் சிலுவைப்பாதை, புலம்பல், பாடுகளின் வரலாற்றில் உரைப்பவரின் பகுதி என அனைத்தையும் அவர் தலையில் கட்டினோம். மாலையில் களைத்து உட்கார்ந்தவருக்குப் பனிக்கட்டி போட்ட சோடாவை அன்போடு வாங்கிக் கொடுத்தவர்களும் நாங்களே. சனிக்கிழமை காலையில் மறுபடியும் ஒத்திகை. அன்று அவர் நிமிடத்துக்கு ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். அதன் பொருள் எங்களுக்கு விளங்கவில்லை.

அன்றிரவு பங்குத்தந்தைக்குக் காய்ச்சல். பாஸ்கா புகழுரையைத் திருத்தொண்டரோ குருவோ பாட இயலாதபோது, சில வரிகளை மட்டும் விடுத்துப் பொதுநிலையினர் பாடலாம் என்பது திருவழிபாட்டு ஒழுங்கு. டீச்சரக்கா பாடுவதென்று முடிவாயிற்று. முழுமையாகப் பாடினால் ஏறத்தாழப் பத்து நிமிடம் எடுக்கும் தனிக்குரல் பாடல் அது. துணைக்கு இசைக்கருவியும் இல்லை. விளக்கெல்லாம் அணைந்திருக்க, பாஸ்கா திரியின் அருகே நின்று பாடினார். பாதி வரை வந்தார். மேலே ஏறவேண்டிய ஓரிடத்தில் குரல் பிசிறிற்று. நிறுத்தி, தண்ணீர் குடித்தார். மறுபடி தொடங்கினார், காற்றுதான் வந்தது. இன்னும் ஒருமுறை குடித்தார். கையில் திரி பிடித்த மக்கள் காத்து நின்றார்கள். இறுதியில் பங்குத்தந்தை காய்ச்சலோடு எழுந்து வந்து எஞ்சியதைப் பாடாமல் வாசித்து முடித்தார். அந்த இரண்டு மிடறு தண்ணீர் ஏன் உதவவில்லை என்னும் கேள்வி எங்களை விடவில்லை.

மூன்று வாரம் கடந்தும் குரல் தெளியாததால் அவரை அழைத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குச் சென்றோம். காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கியது எளியது. “டீச்சர், நீங்கள் விழுங்கும் தண்ணீர் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை. விழுங்கும்போது மூச்சுவழி மூடிக்கொள்ளும். தவறிப்போய் அங்கே ஒரு துளி இறங்கினால் புரையேறித் தவித்துப்போவீர்கள்” என்றார். தேனும் கற்கண்டும் அதிமதுரமும்கூட நாண்களை எட்டுவதில்லை. அவை உமிழ்நீரைச் சுரக்கச் செய்து மேல்தொண்டைக்கு இதம் தருகின்றன; அந்த இதமும் வேண்டியதே. குடித்த நீர் உடலில் கலந்து, நாண்களின்மேல் படரும் மெல்லிய சளிப்படலமாகச் சுரக்க நேரம் பிடிக்கும். பெண்ணொருவர் இயல்பாகப் பேசும்போதே அந்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. உச்சத்தில் பாடும்போது இன்னும் மிகுதியாக. ஈரப்படலம் குறைந்தால் உராய்வு, உராய்ந்தால் வீக்கம், வீங்கியதைச் செருமிச் செருமி மேலும் புண்ணாக்குகிறோம். டீச்சரக்காவின் நாண்களில் இருபுறமும் சிறு தடிப்புகள் இருந்தன. நாள் முழுதும் வகுப்பில் உரத்துப் பேசுவோருக்கும் பாடகருக்கும் வரக்கூடியவை. அறுவை வேண்டியதில்லை, ஓய்வும் குரற்பயிற்சியும் போதும் என்றபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

இந்த நாண்கள் பாடும்போது அசைவதைக் கண்ணாடி வைத்துக் கண்டு உலகுக்கு விவரித்தவர் மருத்துவர் அல்லர். மானுவேல் கார்சியா என்னும் பாட்டு வாத்தியார். 1854-இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் தொண்டைக்குள் தாமே பார்த்தார். நம்மவர்களில் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவராகவும், 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட இசை ஆய்வாளராகவும் ஒருங்கே விளங்கியவர். பாட்டும் மருந்தும் அண்டை வீட்டுக்காரர்கள்தாம்.

இவற்றையெல்லாம் எங்களில் ஒருவரின் பாட்டியாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். சிறுமியாக இலத்தீன் பூசையில் பாடியவர் அவர். நன்மை வாங்குகிறவர்கள் நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கவேண்டிய காலம் அது. பாடற்பூசை முழுவதையும் உலர்ந்த நாவோடு பாடினார்களாம். 1953-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், தண்ணீர் அருந்துவதால் நற்கருணை நோன்பு முறியாது என்று அறிவித்தார். 1957-இல் நோன்பு மூன்று மணி நேரமாயிற்று. 1964-இல் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். தண்ணீரும் மருந்தும் இன்றும் விலக்கில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே திருச்சபை தந்த சலுகையைப் பாடகர்களாகிய நாங்கள் சோம்பலால் பயன்படுத்தாமலே இருந்திருக்கிறோம்!

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோவிற் சுவர்களில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலைக்காகவே பலரும் அவற்றை அறிவர். ஆனால் அங்கே ஏரி வாரியம் என்று ஏரிக்கென்றே ஒரு குழு இருந்ததும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பயிர் வாடிய அன்று ஏரியைத் தேடி என்ன பயன்? தொண்டைக்கும் அதே கணக்குத்தான் என்று தெரிந்துகொண்டோம்.

இப்போது பெரிய வாரம் முழுதும் காலையிலிருந்தே சிறுகச் சிறுகத் தண்ணீர் குடிக்கிறோம். பாடுவதற்குச் சற்று முன்னர் வெறும் வெந்நீரின் ஆவியை, முகம் சுடாத தொலைவில் வைத்துப் பிடிக்கிறோம்; காற்றோடு நாண்களை நேரே சென்றடையும் ஈரம் அதுதான். தைலம் எதுவும் கலப்பதில்லை. இருமல் மிட்டாயின் குளிர்ச்சி வறட்சியை மறைக்குமே தவிர நனைக்காது என்பதால் அதை விட்டுவிட்டோம். அதிமதுரத்தை விடவில்லை, இரத்த அழுத்தமுள்ள எங்கள் ஆர்மோனியக்காரர் மட்டும் தொடுவதில்லை. தூபக்கலசம் நெருங்கி வரும்போது முன்வரிசையினர் வாயை மூடிக்கொள்கிறார்கள். பக்திக் குறைவென்று யாரும் எண்ணவேண்டாம். பிப்ரவரி 3-இல் புனித பிளாசியாரின் திருநாளன்று இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகக் கழுத்தருகே வைத்து மந்திரிக்கும் ஆசீரையும் ஒன்பது பேரும் தவறாமல் பெற்றுக்கொள்கிறோம்.

பாடுகளின் வரலாற்றை மூவர் பகிர்ந்து பாடுகிறோம். டீச்சரக்காவின் குரல் திரும்பிவிட்டது. வகுப்பில் சிறு ஒலிபெருக்கி வைத்துக்கொள்கிறார். புனித வெள்ளி வழிபாடு முடிந்தது முதல் மறுநாள் இரவு வரை அவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. கிசுகிசுப்பதும் நாண்களை வருத்தும் என்பதால் அதுவும் இல்லை. வேண்டியதைப் பிள்ளைகளின் பலகையில் எழுதிக் காட்டுவார். முதல் ஆண்டில் அவருடைய மாமியார் அதைக் கோபம் என்று எண்ணி, நேரே கோவிலுக்கு வந்து எங்களிடம் நியாயம் கேட்டார். இப்போது அவரே பேரப்பிள்ளைகளை அதட்டித் தெருவுக்கு அனுப்பிவிட்டு, மருமகளுக்கு ஆவி பிடிக்க வெந்நீர் வைத்துக் கொடுக்கிறார்.