டில்லியில் பனி, சென்னையில் காத்திருப்பு!

மார்கழி மாதத்தில் சென்னை மீனம்பாக்கத்தில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். விமானமும் தயாராக நிற்கும். ஆனால், "டில்லியில் மூடுபனி, விமானம் தாமதம்" என்று அறிவிப்பார்கள். கைக்குழந்தையும் கூடையுமாக நிற்கும் தாய்மார்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? "டில்லிக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகிறதே! அதற்குள் பனி விலகிவிடாதா?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால், டில்லிப் பனி லேசுப்பட்டதல்ல. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும், மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் தரை சில்லிட்டுப் போகிறது. அதை ஒட்டிய ஈரக் காற்றும் குளிர்ந்து, பொடிப் பொடி நீர்த்துளிகளாக அப்படியே நிற்கிறது. மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்டதுபோல் அதை அமுக்கி வைக்கிறது. ஊர்ப் புகையும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டாம்! எதிர் வீடுகூடத் தெரியாது. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் மூடி திறக்கும். சில நாள் அதற்கு மத்தியானமே ஆகிவிடும்.

சாதாரணமாக விமானம் இறங்க, ஓடுபாதையில் 550 மீட்டர் தூரமாவது தெரிய வேண்டும். டில்லியிலுள்ள நுட்பமான கருவிகளின் உதவியால் 50 மீட்டர் தெரிந்தாலே இறங்கலாம். ஆனால் விமானத்திலும் அதற்கேற்ற கருவிகள் வேண்டும். விமானியும் தனிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அப்போதும் ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் அதிக இடைவெளி விட்டே இறக்குவார்கள். ஆகவே, மற்றவை புறப்பட்ட ஊரிலேயே காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த எச்சரிக்கை வீண் அல்ல. 1977 மார்ச் 27-ல், ஸ்பெயின் தேசத்தைச் சேர்ந்த டெனெரீஃப் தீவில், பனி மூடிய ஓடுபாதையில் ஒரு ஜம்போ விமானம் கிளம்ப ஓடியது. மற்றொன்று அதே பாதையில் ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே இருப்பது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 583 பேர் மாண்டார்கள்.

பஸ் என்றால் வழியில் ஓரமாக நிறுத்தலாம். விமானம் வட்டமிடத்தான் முடியும். எரிபொருளோ குறைந்துகொண்டே வரும். கடைசியில் ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ திருப்பிவிடுவார்கள். தெரியாத ஊரில் குழந்தையுடன் தவிப்பதைவிட, புறப்பட்ட இடத்திலேயே காத்திருப்பது எவ்வளவோ மேல் அல்லவா?

குளிர்காலத்தில் டில்லி போகிறவர்கள், பனி விலகிய பிறகு போய்ச் சேரும் விமானமாகப் பார்த்து டிக்கெட் வாங்குவது நல்லது. அப்படியும் தாமதமானால், கோபத்தைக் கொஞ்சம் ஆற விடுங்கள். குழந்தைக்கு ஒரு வேளை ஆகாரம் அதிகமாகக் கையில் இருக்கட்டும்!