மழை நாளில் பெரட்டு இல்லை

"இதமான மழை, சூடான காப்பி, மனதுக்குப் பிடித்த பாடல்கள்... இதைவிட வேறென்ன வேண்டும், நேயர்களே?"

டிசம்பர் மாதக் காலை நிகழ்ச்சிகளில் இப்படி நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. வானொலி அறிவிப்பாளர்களுக்கு மழை ஒரு வரப்பிரசாதம். வெளியே தூறல் விழுந்தால் போதும், பேச்சும் பாட்டும் தானாக வந்துவிடும்.

2024 டிசம்பரில் ஒரு நாள், நிகழ்ச்சி முடிந்து நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது செனாவாங்கிலிருந்து அப்பா அழைத்தார். தினமும் என் நிகழ்ச்சியைக் கேட்பவர். "நல்லா இருந்துச்சும்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அன்று மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, மழை பெஞ்சா உனக்கு அவ்வளவு சந்தோசமாவா இருக்கு?"

கோபமோ கிண்டலோ இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஆண்டு விடுமுறையில் ஐந்து நாள் மிச்சம் இருந்தது. மறுவாரமே ரயில் ஏறிவிட்டேன்.

பத்துமலையிலிருந்து புலாவ் செபாங் வரை போகும் கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரலில் ஏறினால், செனாவாங் போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். காஜாங், பாங்கி, நீலாய், லாபு, திரோய் என்று ஒவ்வொரு நிலையமாக நின்று நின்று போகும். நீலாயைத் தாண்டினால் ஜன்னல் முழுக்கச் செம்பனை. அங்கங்கே கொஞ்சம் பால்மரம். சிரம்பானில் பாதிப் பெட்டி காலியாகிவிடும். அதற்கு அடுத்த நிலையம் செனாவாங்.

வெளியூர்க்காரர்களுக்கு செனாவாங் என்றால் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு வெளியேறும் வழி, ஒரு தொழிற்பேட்டை, அவ்வளவுதான். மினாங்கபாவ் பாணி வளைந்த கூரைகளைப் படமெடுக்க வருகிறவர்கள் சிரம்பானோடு திரும்பிவிடுவார்கள். சியூ பாவ் வாங்க வருகிறவர்களும் அப்படியே. தோட்டத்தை விட்டு வந்த நம்மவர் குடும்பங்கள் பல இங்கேதான் தமான்களில் குடியேறின. தோட்டத்தில் பால் வெட்டிய கைகள் தொழிற்சாலையில் திருகாணி முடுக்கப் பழகிய ஊர் இது.

நிலையத்து வாசலில் பழைய புரோட்டோன் சாகாவோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கிழக்கே பாரோய் பக்கத்து மலைகள் மேகத்துக்குள் மறைந்திருந்தன.

"பசியாறிட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழை, பெரும்பாலும் கிளந்தான், திரங்கானு, பகாங் பக்கம்தான் அடித்துப் பெய்யும். நடுவில் நிற்கும் மலைத்தொடர் மேற்குக்கரையை ஓரளவு காப்பாற்றிவிடுகிறது. நெகிரி செம்பிலானில் அக்டோபர், நவம்பர் மாதத்துப் பிற்பகல் இடிமழைதான் பெரிது. ஆனாலும் டிசம்பர் முழுக்க வானம் மூடியே கிடக்கும். சில ஆண்டுகளில் அந்தக் கணக்கும் தப்பிப்போகும். 2021 டிசம்பர் 18ஆம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டோம். சிலாங்கூர் மூழ்கிய அதே மழை நெகிரி செம்பிலானையும் விடவில்லை. அன்று ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து வெள்ளத் தகவல்களை வாசித்துக்கொண்டே, பாட்டு ஓடும் இடைவெளியில் அம்மாவுக்குப் போன் அடித்தபடி இருந்தேன். எங்கள் வீட்டு வாசற்படியோடு தண்ணீர் நின்றுவிட்டது.

அப்பாவுக்கு அப்போது 67 வயது. நாடு சுதந்திரம் பெற்ற 1957இல் பிறந்தவர். அம்மா மூன்று வயது இளையவர். இருவரும் செனாவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறி லயங்கள் காலியானபோது எனக்கு ஐந்து வயது. அதன்பிறகு அப்பா தொழிற்பேட்டையில் ஓர் ஆலைக்குப் போனார். அம்மா இன்னோர் ஆலையின் கேண்டீனுக்குப் போனார். அப்பா 60 வயதில் ஓய்வு பெற்று அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஓய்வு பெற்ற இருவர் மழைக்காலத்தில் வீட்டில் என்னதான் செய்வார்கள்? டிவி பார்ப்பார்கள், தூங்குவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் நாள் விடியற்காலை நாலரைக்குக் கதவு திறக்கும் சத்தம் கேட்டு விழித்தேன். அப்பா வாசலில் நின்று, கார் நிறுத்தும் இடத்துக் கூரைக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். உள்ளே வந்து, "மழை" என்றார். அடுப்படியிலிருந்து அம்மா, "ம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாளும் அதே நாலரை, அதே கை நீட்டல், அதே "மழை", அதே "ம்".

தூறல் லேசாக இருந்தால் இருவரும் குடையோடு மார்கழி பஜனைக்குக் கோயிலுக்குப் போவார்கள். வரும்போது தூக்குச்சட்டியில் பொங்கல் வரும். மழை வலுத்தால் வீட்டு விளக்கோடு சரி. கோலம் மட்டும் தவறுவதில்லை. வாசல் நனைந்து கிடப்பதால் காருக்கு முன்னால் இருக்கும் ஒரு முழ இடத்தில் அம்மா சின்னதாகப் போட்டுவிடுவார். காரை எடுத்தால் அதன்மேல் டயர் ஏறும் என்று அப்பா ஒவ்வொரு நாளும் முணுமுணுப்பார்.

பிறகு வேலைகள் தொடங்கும். வீட்டுக்கு முன்னால் ஓடும் கால்வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பார்ப்பது அப்பாவின் பொறுப்பு. பூச்சட்டித் தட்டுகளில் தேங்கிய நீரைக் கொட்டுவதும் அவர்தான், டிங்கி கொசுவுக்குப் பயந்து. மூன்று நாளாகக் காயாத துணியை மின்விசிறிக்குக் கீழே மாற்றி மாற்றிப் போடுவது அம்மா. இடி இடித்தால் டிவி, வைஃபை எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுவார்கள். பேட்டரியில் ஓடும் சின்ன வானொலி மட்டும் பேசிக்கொண்டே இருக்கும். மத்தியானம் ரசமும் கருவாடும். மாலையில் பக்கத்து வீட்டு மாக்சிக் பீசாங் கோரேங் கொண்டுவந்து கொடுப்பார். அம்மா அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. இரவில் முழங்காலுக்குக் கோடாலித் தைலம். ஒருவர் காலை ஒருவர் தேய்த்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள் பெரிய மழை. நடு அறையில் ஏதோ சொட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கட்டிலை ஓரமாக நகர்த்திவிட்டு, நடுவில் ஒரு பெரிய பேசின் வைத்திருந்தார்கள். அதன் அடியில் பழைய துண்டு, சத்தம் கேட்காமல் இருப்பதற்கு.

"எத்தனை நாளா ஒழுகுது?"

"இப்பதான்" என்றார் அம்மா.

கூரைப்பலகையில் படிந்திருந்த கறையைப் பார்த்தால் மூன்று வருடத்து மழை தெரிந்தது. நான் வரும்போதெல்லாம் அந்த அறையைச் சாமான் அறை என்று பூட்டி வைத்திருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

அன்று மாலை கோபத்தோடு கொஞ்சம் உரக்கவே பேசிவிட்டேன். இந்த வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு கோலாலம்பூர் வந்துவிடுங்கள் என்றேன். அப்பா அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒன்னோட வீடு பதினாலாவது மாடிம்மா. மழை பெய்யுதா இல்லையான்னே தெரியாது."

"தெரியாட்டி என்னப்பா? இப்ப உங்களுக்கு எதுக்கு அது தெரியணும்?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அவர் தோட்டத்துக் கதையைச் சொல்லத் தொடங்கினார். லயத்தில் பிறந்தவள்தான் நான். ஆனாலும் இந்தக் கதையை முழுமையாகக் கேட்டது அன்றுதான்.

பால் வெட்டுவது விடியற்காலை வேலை. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். அதனால் நாலரைக்கு எழ வேண்டும். எழுந்ததும் முதல் வேலை வானத்தைப் பார்ப்பது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரம் முழுக்க வழிந்து வீணாகிவிடும். பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடி, மழை விடுமா, மரம் காயுமா என்று காத்திருப்பார்கள். விடாவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதைவிடக் கொடுமை, வெட்டி முடித்த பிறகு பெய்யும் மழை. மங்கில் நிறைந்த பாலோடு மழைநீரும் சேர்ந்து வழிந்து மண்ணுக்குப் போகும். நானூறு, ஐந்நூறு மரம் வெட்டிய உழைப்பும் அதோடு போகும்.

"வேலை இல்லாத நாளுக்கு எங்க தோட்டத்துல சம்பளம் இல்ல. டிசம்பர்ல பாதி நாள்கூட வேலை கெடைக்காத வருசம் உண்டு" என்றார் அப்பா.

தோட்டத் தொழிலாளர்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்று தொழிற்சங்கம் எத்தனை காலம் போராடியது என்பது இந்தப் பத்திரிகையின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். தீபகற்பத்தில் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் நடப்புக்கு வந்தது 2013இல்தான். அதற்குள் எங்கள் தோட்டமே இல்லாமல் போய்விட்டது.

அம்மா குறுக்கே புகுந்தார். "மழை வர்ற நேரத்தைப் பாரேன். அதுக்கு முன்னாடி தீபாவளி. அதுக்குப் பின்னாடி ஜனவரியில பள்ளிக்கூடம் தொறக்கும். ஒங்க அண்ணனுக்குச் சட்டை, சப்பாத்து, பொஸ்தகம். நடுவுல ரெண்டு மாசம் சம்பளம் பாதி."

எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய மைலோ டின்னை எடுத்து வந்தார். துருப்பிடித்து, பச்சை நிறம் பாதி போயிருந்தது. வெயில் மாதங்களில் மிச்சம் பிடித்த காசை மழை மாதங்களுக்காகப் போட்டு வைத்த டின். அவர்கள் வைத்த பெயர் மழை டின். இப்போது அதில் கடிதங்கள்தான் இருந்தன. தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள், அண்ணனின் பிறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமநிதி வாரியத்தின் கணக்கு அறிக்கைகள்.

புரட்டிக்கொண்டே போனேன். 2009ஆம் ஆண்டு அறிக்கையில் இரண்டாம் கணக்கிலிருந்து ஒரு தொகை எடுக்கப்பட்டிருந்தது. அதற்குக் காரணம், பிள்ளையின் கல்வி. அடுத்த ஆண்டும் அதே.

ஊடகவியல் பட்டத்துக்கு நான் வாங்கிய பிடிபிடிஎன் கடனை இன்றும் கட்டி வருகிறேன். அது போதாமல் விழுந்த பணத்தை அப்பா ஓவர் டைம் செய்து அனுப்பினார் என்றுதான் இத்தனை ஆண்டுகளாக நம்பியிருந்தேன்.

55 வயதில் ஒருவரிடம் குறைந்தது 240,000 வெள்ளியாவது இருக்க வேண்டும் என்று சேமநிதி வாரியம் 2019 முதல் ஓர் அளவு வைத்திருந்தது. மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 ஆண்டுக்கு. அப்பாவுக்கு 55 வயதானபோது கணக்கில் இருந்தது 38,000 வெள்ளி. வீட்டுக் கடனின் மிச்சத்தைக் கட்டியதில் அதிலும் பெரும்பகுதி போயிற்று. மாதாமாதம் அண்ணனும் நானும் கொடுப்பதில்தான் இப்போது வீடு ஓடுகிறது. கூரை ஒழுகுவதைச் சொன்னால் அதற்கும் நாங்கள்தான் கொடுக்க வேண்டிவரும் என்றுதான் துண்டு போட்டுச் சத்தத்தை அடக்கியிருக்கிறார்கள்.

மழைக்கு முன்னால் ஒலிவாங்கியில் உட்கார்ந்து "இதமான மழை" என்று நான் சொல்வதற்கு, மழை நாளில் சம்பளம் இல்லாத இருவர் பணம் கட்டியிருக்கிறார்கள்.

நான் அழுததைப் பார்த்து அம்மா பதறிப்போனார். அப்பா சிரித்தார். "இதுக்கு எதுக்கு அழுவுற? ஒனக்கு மழையிலயும் சம்பளம் வருதில்ல, அதான எங்களுக்கு வேணும். அன்னிக்கு நான் கேட்டது குத்தமா இல்லம்மா. எங்களுக்கும் இப்ப மழை புடிக்க ஆரம்பிச்சிருக்கு. ஆனா காலையில எந்திரிச்சதும் வயித்துல ஒரு பயம் வந்துட்டுத்தான் போவுது. அது ஒனக்கும் வருமான்னு கேட்டேன்."

கூரைக்குப் பணம் தருகிறேன் என்றால் வாங்கமாட்டார்கள் என்று தெரியும். கிளம்பும் நாள் காலையில் வங்கிக்குப் போய் வந்து, மழை டின்னில் போட்டுவிட்டு அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "டின்ல இருக்குறது மழைக்குத்தான்மா" என்றேன். அம்மா மறுக்கவில்லை. அது அவர் போட்ட சட்டம்தானே.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே கோலாலம்பூரில் நல்ல மழை. வழக்கமான வசனம் நாக்கு நுனி வரை வந்தது. அதை விட்டுவிட்டு, "இந்த மழையிலும் வேலைக்குக் கிளம்பியவர்கள் யார்? மழையால் இன்று வேலை இல்லாமல் போனவர்கள் யார்? அழையுங்கள்" என்றேன். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் மோட்டார் சைக்கிள் இளைஞர் ஒருவர் அழைத்தார். செம்பனைத் தோட்டத்து லாரி ஓட்டுநர் அழைத்தார். ஒட்டுக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், இன்று கடை திறக்கவே முடியவில்லை என்றார். பாட்டுப் போட நேரம் போதவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் அப்பா அழைத்தார்.

"நல்லா இருந்துச்சும்மா. கூரை மாத்துறவன் இன்னிக்கு வர்றேன்னு சொல்லியிருந்தான், காணோம்."

"திட்டுனீங்களாப்பா?"

"எதுக்குத் திட்டணும்? இங்கயும் மழைதான். பாவம், அவனுக்கும் இன்னிக்குச் சம்பளம் இல்ல."