தாளில் ஏறும் பம்பை: பாலக்கோட்டில் மாணவர் இசையிதழின் வடிவமைப்பு

மாணவர் இசையிதழ் ஒன்றை வடிவமைப்பது பக்கத்தை அழகுபடுத்தும் வேலை என்றே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. ஆனால் பாலக்கோடு போன்ற ஓர் ஊரில் அவ்வேலையைத் தொடக்கம் முதல் அச்சு வரை உடனிருந்து நோக்குவோருக்கு, அதில் மாணவர் பெறும் முதன்மையான திறன் காதின் திறனே என்பதும், எழுத்துரு, வண்ணம், படம் ஆகியவை பற்றிய அறிவு அதற்குப் பின்னரே வருகிறது என்பதும் புலப்படும். ஓர் ஒலியைத் தாளில் எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர், அவ்வொலி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது, எங்கே ஓய்கிறது என்பதைப் பலமுறை கேட்டறியாமல் அம்முடிவை எடுக்க இயலாது.

சேலத்திலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ள பாலக்கோடு, தக்காளிக்கும் மாம்பழத்துக்கும் பெயர்பெற்ற சந்தையூர் என்றே வெளியில் அறியப்படுகிறது. அதன் இசைவளம் அம்மன் கோயில் விழாக்களில் ஒலிக்கும் பம்பையிலும் உடுக்கையிலும், கோடையில் தருமபுரி மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் நிகழும் பாரதக் கூத்திலும் இருக்கிறது. பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்துமாகப் பல நாள் தொடரும் இவ்விழா, துரியோதனனின் பெரிய மண்ணுருவத்தைத் தரையில் அமைத்து நடத்தும் படுகளத்தோடும் தீமிதியோடும் நிறைவுறுகிறது. மத்தளம், தாளம், ஆர்மோனியம், முகவீணை ஆகியவை கூத்தின் இசைக்கருவிகள். இவற்றுள் முகவீணை என்பது நாகசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதப்படும், ஆனால் அதைவிட மிகச் சிறிய குழல். இவ்விசை முழுவதும் வாத்தியாரிடமிருந்து மாணாக்கருக்கு வாய்வழியாகவே வந்துள்ளது. ஆகவே பாலக்கோட்டில் இசையிதழ் செய்ய முற்படும் மாணவர், எழுதப்பட்ட ஒன்றை எடுத்து அடுக்குபவர் அல்லர். எழுதப்படாத ஒன்றுக்குப் பக்கம் அமைப்பவர்.

பள்ளி இதழ் என்னும் வடிவம் தமிழ்நாட்டு மாணவருக்குப் புதியதன்று. அட்டையையும் ஓவியத்தையும் மாணவரே வரைந்து, ஒரே ஒரு படியாகத் தயாரித்து வகுப்பில் சுற்றுக்கு விடும் கையெழுத்து இதழ் நெடுங்காலமாக இருந்துவருகிறது. பள்ளிக் கல்வித் துறை 2022இல் நான்கு, ஐந்தாம் வகுப்பினருக்கு ஊஞ்சல் என்றும், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ளவர்க்குத் தேன்சிட்டு என்றும் இதழ்களைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் நடைபெறும் கலைத் திருவிழாவும் இசைக்கருவி வாசிக்கும் பிள்ளைகளை மேடைக்குக் கொண்டுவந்துள்ளது. இவ்விரண்டும் சேருமிடத்தில் இசைக்கென ஓர் இதழ் தோன்றுவது இயல்பே. எனினும் பொது இதழுக்குக் கட்டுரையும் கவிதையும் படமும் போதும். இசையிதழுக்குச் சுரக்குறிப்பு வேண்டும். வடிவமைப்பின் உண்மையான கடினம் அங்கேதான் தொடங்குகிறது.

சுரக்குறிப்பு என்பது ஸ, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழு எழுத்துகளைக் கொண்டு ஒரு பாட்டின் மெட்டை எழுதும் முறை. குறில் ஓர் அளவு, நெடில் இரண்டு அளவு. காற்புள்ளி முந்தைய சுரத்தை மேலும் ஓர் அளவும், அரைப்புள்ளி இரண்டு அளவும் நீட்டும். எழுத்தின் மேல் இடப்படும் கோடு காலத்தைப் பாதியாக்கும். ஏழு சுரங்களின் உயர்ந்த அடுக்காகிய மேல்தாயியைக் காட்ட எழுத்தின் மேலும், தாழ்ந்த அடுக்காகிய கீழ்த்தாயியைக் காட்ட எழுத்தின் கீழும் ஒரு புள்ளி வைக்கப்படும். தமிழில் எழுத்தின் மேல் இடும் புள்ளி மெய்யெழுத்தின் அடையாளமாகவும் இருப்பதால், மேல்தாயி ஸ கண்ணுக்கு ஸ் என்றே தெரியும். சுரவரியில் மெய் தனித்து வருவதில்லை என்பதால் பாடுவோருக்குக் குழப்பமில்லை. கணினிக்கோ குழப்பமுண்டு. ஸ, க, ம, ப, த ஆகியவற்றின் மேல் புள்ளியைத் தட்டச்சு செய்துவிடலாம். ரி, நி ஆகியவற்றில் உயிர்க்குறி ஏற்கெனவே ஏறியிருப்பதால், ஒருங்குறி எழுத்துரு அவற்றின் மேல் புள்ளியை ஏற்காமல் தனியே ஒரு புள்ளிவட்டத்தைக் காட்டும். ஆகவே முற்றுப்புள்ளி ஒன்றைத் தட்டி, அதை அடிக்கோட்டிலிருந்து உயர்த்தி, எழுத்தின் தலைக்கு மேல் ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்திப் பொருத்த வேண்டியுள்ளது. இவ்வேலையைச் செய்த மாணவர், மேல்தாயிக்குப் பாட்டு எந்த இடங்களில் ஏறுகிறது என்பதைப் பின்னர் மறப்பதில்லை. ஒவ்வொரு புள்ளியையும் வைக்கும்போது அவ்விடத்தை வாய்க்குள் பாடிப் பார்த்தே வைத்திருப்பார்.

இந்தத் தொல்லைக்கு நீண்ட வரலாறு உண்டு. எட்டயபுரத்தில் 1904இல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’, சுரத்தின் அசைவுகளாகிய கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளை வகுத்துத் தெலுங்கு எழுத்தில் அச்சிடப்பட்டது. வழக்கமான அச்செழுத்துகள் மட்டும் அதற்குப் போதுமானவையாக இருந்திருக்க முடியாது. தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் தமது ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை 1917இல் தாமே நிறுவிய அச்சகத்தில் அச்சிட்டார். இசையை அச்சேற்ற முனைந்தவர்கள் அச்சுத்தொழிலையும் தம் கைக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது என்பது இந்நூல்களால் விளங்கும். பாலக்கோட்டு மாணவர் ஒரு புள்ளியோடு மல்லுக்கட்டும்போது, தம்மை அறியாமலே அந்த மரபில் வந்து நிற்கிறார். அதை அவருக்கு எடுத்துச் சொல்வது ஆசிரியரின் கடமை.

வரியை எங்கே மடக்குவது என்பது அடுத்த கேள்வி. ஆதி தாளத்தின் ஒரு சுற்றாகிய ஆவர்த்தனத்தில் எட்டு எண்ணிக்கைகள் உள்ளன. நான்கு எண்ணிக்கை கொண்ட லகுவும், இரண்டிரண்டு கொண்ட இரு திருதங்களும் சேர்ந்தது அது. எண்ணிக்கைக்கு நான்கு சுரம் என்றால் ஒரு சுற்றுக்கு முப்பத்திரண்டு எழுத்து. டெம்மி 1/8 அளவுப் பக்கத்தில் படிக்கத்தக்க பருமனில் அவை ஒரே வரியில் அடங்குவதில்லை. லகு முடியும் இடத்தில் மடக்கினால் பாடுவோர் இயல்பாக அடுத்த வரிக்கு வருவர். பக்கத்தின் ஓரம் வந்துவிட்டதே என்று வேறெங்கோ மடக்கினால் தாளம் தடுமாறும். உரைநடையில் மென்பொருள் தானே செய்துவிடும் வரிமடிப்பை இங்கே தாளம் அறிந்தவரே செய்ய வேண்டும். எழுத்தைச் சிறிதாக்கி ஒரே வரியில் திணிப்பது எளிய வழி என்றாலும், அதை எந்த நிலையிலும் ஏற்கலாகாது. கையில் கருவியோடு இரண்டடி தள்ளியிருந்து படிப்பவருக்கு அப்பக்கம் பயன்படாது.

பம்பைக்கும் உடுக்கைக்கும் வரும்போது சுர எழுத்தே கைவிடுகிறது. பம்பை என்பது ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரு நீள் உருளை முழவுகள்; உடுக்கை என்பது இடை சிறுத்த சிறு முழவு, அதன் நடுவிலுள்ள கயிற்றைக் கையால் இறுக்கியும் தளர்த்தியும் ஒலியின் உயரம் மாற்றப்படுகிறது. முழவின் அடிகளைச் சொற்கட்டால், அதாவது தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, தகதகிட என்றால் ஐந்து என்னும் வாய்ச்சொற்களால் எழுதலாம். கட்டங்கள் வரைந்து, ஓர் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் என வைத்து, பம்பையின் இரு முழவுகளுக்கும் மேலும் கீழுமாக இரு வரிசைகள் ஒதுக்கினால், எந்த அடி எதில் விழுகிறது என்பது பார்த்த அளவில் தெரியும். உடுக்கையின் ஏற்ற இறக்கத்துக்கோ சொல்லும் இல்லை, கட்டமும் இல்லை. கட்டங்களுக்கு மேலே எழுந்து தாழும் ஒரு கோடு வரைவதே இயலும். அக்கோடு எவ்வளவு எழ வேண்டும் என்பதைப் பம்பைக்காரரும் உடுக்கைக்காரரும் சொல்ல வேண்டுமேயன்றி வடிவமைப்பாளர் தாமாக முடிவு செய்ய முடியாது. அவர்கள் அடித்துக் காட்ட, மாணவர் வரைந்து காட்ட, அவர்கள் மீண்டும் அடிக்க, மாணவர் திருத்த என இப்பக்கம் உருவாகும் முறையே, பள்ளியில் கிடைக்கும் பயிற்சிகளுள் மிக உயர்ந்தது எனலாம். பதினான்கு வயதினர் ஒருவர், தம் ஊர்க் கலைஞரைப் புலமையாளராக மதித்து, அவர் முன் அமர்ந்து குறிப்பெடுப்பது சிறிய செய்தியன்று.

பாலக்கோட்டு வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்குவதால், பாட்டின் சொற்களிலும் ஒரு சிக்கல் எழுகிறது. க, த, ப போன்ற எழுத்துகளின் வேறுபட்ட ஒலிப்புகளைக் காட்ட, தமிழ் இசைநூல்களில் எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று சிறு எண் இடுவது வழக்கம். சுரவரியிலோ ரி1, ரி2 என ஒரே சுரத்தின் வகைகளைக் காட்டவும் எண் இடப்படுகிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் வரும்போது, ஒன்றை எழுத்துக்கு மேலும் மற்றதை எழுத்துக்குக் கீழும் வைத்து, அம்முறையை இதழின் முதல் பக்கத்திலேயே விளக்கிவிடுவது நல்லது.

இவ்வளவையும் கோப்பாக்கித் தருபவர் டிடிபி கடைக்காரர். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், இரங்கல் சுவரொட்டி ஆகியவற்றைச் செய்து பழகிய கை அவருடையது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் அடித்த கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும் என்பதையும், ஒருங்குறிக்கு மாற்றும்போது கையால் நகர்த்திய புள்ளிகள் இடம்பெயரும் என்பதையும் அவர் அனுபவத்தால் அறிவார். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் பிடிஎப் ஆக்கி, ஒரு தாளில் எடுத்து, புரூப் பார்த்து, பாடியும் பார்க்க வேண்டும் என்னும் ஒழுங்கை மாணவர் இங்கேதான் கற்கின்றனர். எழுத்துப் பிழையைக் கண் பிடிக்கும். சுரப் பிழையைப் பாடினால் மட்டுமே பிடிக்க முடியும்.

அச்சகத்தில் கற்பது வேறுவகைப்பட்டது. பதினாறு பக்கம் கொண்டது ஒரு பாரம். நடுவில் பின் அடிக்கும் இதழின் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். ஒரு பாட்டின் பல்லவி வலப்பக்கத்திலும் சரணம் அதன் மறுபக்கத்திலும் விழுந்தால், வாசிப்பவர் நடுவில் தாளைப் புரட்ட நேரும். ஆதலால் வெற்றுத்தாளை மடித்து எண்ணிட்ட டம்மி ஒன்றை முதலிலேயே செய்துகொண்டு, நீண்ட பாட்டுகளை எதிரெதிர்ப் பக்கங்களில் அமைத்து, மீந்த இடத்துக்கே கட்டுரைகளைக் கொடுக்க வேண்டும். அட்டை வண்ணத்திலும் உள்பக்கம் மேப்லித்தோ தாளில் கறுப்பிலும் அடிப்பது செலவைக் குறைக்கும். கறுப்பு மட்டுமே உள்ள பக்கத்தில் பம்பையின் இரு வரிசைகளையும் வண்ணத்தால் பிரிக்க முடியாதென்பதால், கட்டத்தை நிரப்புவதும் வெறுமையாக விடுவதுமாகப் பிரிக்கும் நுட்பத்தையும் அச்செலவே கற்றுக்கொடுக்கிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் இடம்பெறும் விரைவுக்குறி, அதாவது கைப்பேசியால் படித்து ஒலியையோ காட்சியையோ திறக்கும் சதுரக் குறி, இசையிதழுக்கும் உதவும். ஆனால் ஒலிப்பதிவு இருக்கிறதே என்று குறிப்பெழுதும் உழைப்பைத் தவிர்த்தால் இதழ் வெறும் அட்டவணையாகிவிடும்; குறிப்பு எழுதி முடித்த பின்னர், அதைச் சரிபார்த்துக்கொள்ளத் துணையாகவே அக்குறி பக்கத்தின் ஓரத்தில் இடம்பெற வேண்டும். அதைவிட முதன்மையானது பெயரிடும் இடம். இதழின் பொறுப்பாசிரியர் பெயரும் வடிவமைத்த மாணவர் பெயரும் முதற்பக்கத்தில் அச்சாகும்போது, மெட்டையும் அடியையும் தந்த கூத்து வாத்தியாரின் பெயரும் பம்பைக்காரரின் பெயரும் கடைசிப் பக்க நன்றி வரியில் ஒதுங்கிவிடுவது முறையன்று. பொருளடக்கத்தில் கட்டுரையாளர் பெயர் வரும் அதே நிரலில், அதே எழுத்துப் பருமனில், அவர்கள் இசைத்த பகுதிக்கு நேராக அவர்கள் பெயர் அச்சாக வேண்டும்; இதழ் வந்ததும் முதற்படிகள் அவர்கள் வீட்டுக்கே சென்று சேர வேண்டும்.