பதம் பிரித்த கதை

நீளமான ஆங்கிலச் சொல்லைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. மீனைத் துண்டு போடுவதுபோல் உடனே நறுக்கிப் பார்த்துவிட வேண்டும். இது ஆங்கில வாத்தியார் கற்றுக்கொடுத்த பழக்கமல்ல, நன்னூல் கொடுத்தது. 'நடந்தனன்' என்ற ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு கூறாக்கியவனுக்கு இங்கிலீஷ் எம்மாத்திரம்?

பிரிப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் இருக்கிறது. பெட்ரோலியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'பெட்ரா' கிரேக்கத்தில் பாறை. 'ஓலியம்' லத்தீனில் எண்ணெய். பீட்டர் என்ற பெயரும் அந்தப் பாறையில் பிறந்ததுதான். அவரைத்தான் நம் கிறிஸ்தவர்கள் ராயப்பர் என்கிறார்கள். ராயபுரத்தில் படகுக்காரர்கள் அவருக்குக் கட்டிய கோயில் இருக்கிறது. சற்று வடக்கே மணலியில் 1969 முதல் பாறை எண்ணெயைக் காய்ச்சுகிறார்கள். இதை நினைத்து பஸ்ஸில் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

அழுத்தம்தான் தொல்லை. நாம் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே மரியாதை தருகிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசைக்கு மட்டும் ராஜ உபசாரம். அதுவும் ஓரிடத்தில் நிற்காது. போட்டோகிராப் என்றால் முதல் அசை, போட்டோகிராபர் என்றால் இரண்டாவது, போட்டோகிராபிக் என்றால் மூன்றாவது.

இந்தக் கர்வத்தோடு நான் இருந்த நாளில்தான் காசிமேட்டு ஏலக்காரர் ஒருவர் வந்தார். விடியுமுன் மீன் ஏலத்தில் கணீரென்று கேட்கும் அவர் குரல் ஒரு மாதமாகக் கட்டியிருந்தது. "இதுல இன்னா எழுதிக்கீதுன்னு பாரு சார்" என்று ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார்.

கிறுக்கல் எழுத்து. முன்பாதி குரல்வளை என்பது தெளிவு. பின்பாதியை 'எக்டமி' என்று படித்தேன். 'எக்' வெளியே, 'டமி' வெட்டு. லாரிஞ்ஜெக்டமி! அழுத்தம் அந்த 'ஜெக்'கின் மேல் விழ வேண்டும் என்று உச்சரித்துக்கூடக் காட்டினேன்.

"குரல்வளையை எடுத்துவிடுவது என்று அர்த்தம்."

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பேசாமல் சீட்டை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

நான்காம் நாள் அவர் மனைவி வந்தாள். "ஏலத்துக்கே போவல சார். ராவெல்லாம் புள்ளைங்களை எழுப்பி எழுப்பிப் பேசினுகீறாரு. கொரல் இருக்கசொல்லவே பேசிடணுமாம்" என்றாள்.

எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. இருவரையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கிருந்த நர்ஸ் சீட்டை ஒரு விநாடிதான் பார்த்தாள். "லாரிங்காஸ்கபி" என்றாள். ஸ்கபி என்றால் பார்ப்பது. குழாயை விட்டுப் பார்ப்பது, அவ்வளவே!

பார்த்தார்கள். கத்திக் கத்திக் குரல் நாணில் காய்த்துப்போன சிறு முடிச்சுகள். சில வாரம் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பேசித் தீர்த்த மூன்று இரவுகளை எண்ணி நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது ஏலத்துக்கு வருகிறார். குரலில் கொஞ்சம் கரகரப்பு மிச்சம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வஞ்சிரம் வாங்கினேன். வீட்டிலேயே வெட்டிக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன்.

"வாணாம் சார், இங்கயே வெட்டித் தரச் சொல்றேன்" என்று மீனைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "வெட்ற வேலை உனக்கு வாணாம்."